புது வண்டியில் ஆயில் கசிவு

வாரண்டி முடியாத எங்கள் காரின் அடியில், எஞ்சினை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தில் எண்ணெய் பிசுபிசுத்ததைக் கண்டதும், ஆயில் சம்ப்பை (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கழற்றி மீண்டும் ஒட்ட வேண்டும் என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கசியும் எண்ணெய் கீழே வழிவதோடு, வண்டி ஓடும்போது காற்றில் பின்புறமாகவும் பரவுவதால், நனைந்த பகுதிகளில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தட்டைக் கழற்றி, எஞ்சினை டிகிரீசரால் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) கழுவித் துடைத்து, எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சற்று தூரம் ஓட்டிவந்தபின் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சையில் மெல்லிய கோடு ஒன்று சம்ப் வரை இறங்கியிருந்தது. முந்தைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைத் திருகியிருக்கிறார்கள். (பில்லில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை வேறு!) அழுத்தம் கூடும்போது அந்த இரட்டை வளையம் பிதுங்கினால், எண்ணெய் முழுவதும் நடுரோட்டில் கொட்டி எஞ்சினே இறுகி நின்றுவிடும்.

பழைய வளையத்தை நீக்கி, புதியதில் சிறிது எண்ணெய் தடவி, கையால் இறுக்கியதும் கசிவு நின்றது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் வெளியேறும் என்பதால், அதையும் சோதித்தோம்; அடைப்பில்லை. எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்த அளவை நிரப்பினார்கள். சம்ப் வேலைக்கான எஸ்டிமேட்டை அவர்களே கிழித்துப் போட்டார்கள்.