பாலத்தைப் பாத்தியா?

கோடம்பாக்கத்தில் ரயில் நின்றதும் பெட்டியில் இருந்த எல்லாரும் இறங்கி எஞ்சினைப் பார்க்க ஓடினார்கள். நானும் ஓடினேன். பித்தளை வளையத்தையும் புகைபோக்கியையும் பக்கத்தில் நின்று படம் எடுத்து, வேர்வையும் புகை நாற்றமுமாகத் திரும்பி வந்தால், பெரியப்பா இன்னும் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பாலத்தைப் பாத்தியா?" என்றார்.

"எந்தப் பாலம்?"

"சேத்துப்பட்டு தாண்டினா கூவம் வந்துதே. அதுக்கு மேல எப்படி வந்தேன்னு நினைச்சே, பறந்தா?"

பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. போனில் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். புகை, புகை, ஒரு மரம், மறுபடி புகை. நடுவில் சில நொடிகள் சக்கரச் சத்தம் மட்டும் வேறு மாதிரி கேட்கிறது. அதுதான் பாலமாம். நீராவி ரயிலில் போக வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டு, ஒரு ஆகஸ்ட் 15-ஆம் தேதி எழும்பூரில் ஏறி, அதில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன் என்பது பெரியப்பாவின் கட்சி.

எஞ்சினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரயில் பைத்தியங்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இ.ஐ.ஆர்.21, அதாவது ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21-ஆம் எண் எஞ்சின். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்து, கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஃபேரி குயின் என்று ஊரெல்லாம் கொண்டாடுகிற எஞ்சினுக்குக் கூடப் பிறந்தது. அது 22, இது 21. 1909-ல் ஓய்வு கொடுத்து, ஜமால்பூரிலும் ஹவுராவிலுமாக நூறு வருஷம் காட்சிப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டுவந்து 2010-ல் மறுபடி ஓட வைத்தவர்கள் நம்ம ஊர்த் தொழிலாளிகள். நியாயமாகவே பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பெரியப்பா சொன்ன பிறகுதான் யோசித்தேன். இது பிராட்கேஜ் எஞ்சின், அகலப் பாதைக்குச் செய்தது. எழும்பூரிலிருந்து தாம்பரம் போகும் பாதையோ பிறந்ததிலிருந்து மீட்டர்கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். 1931-லேயே அதில் மின்சார ரயில் விட்டார்கள், அதுவும் மீட்டர்கேஜ்தான். கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயில் நின்றது 2004-ல். அதாவது இந்த எஞ்சின் வேலை பார்த்த காலத்தில் இதைக் கொண்டுவந்து இந்தப் பாதையில் வைத்திருந்தால் சக்கரம் தண்டவாளத்திலேயே உட்கார்ந்திருக்காது. பழைய நினைவு என்று நாம் டிக்கெட் வாங்கி ஏறினது, இந்தப் பாதையில் என்றைக்குமே நடக்காத ஒரு நினைவு.

"எஞ்சின் எத்தனை டன் இருக்கும்?" என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொன்னேன், சுமார் 26. "இப்ப எக்ஸ்பிரஸ் இழுக்கிற டபிள்யூ.ஏ.பி.7 123 டன். பாலத்துக்கு நீ வந்த வண்டி காக்கா உட்கார்ந்த மாதிரி. தினம் இத்தனை எக்ஸ்பிரஸைத் தாங்குதே, அதை எவனாவது போட்டோ எடுக்கிறானா?"

பெரியப்பா ரயில்வேயில் பாலப் பிரிவில் கலாசியாகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அயனாவரத்துக்காரர். அவர் வயதில் மற்றவர்கள் கோயில் கோயிலாகப் போவார்கள், இவர் ரயிலில் போகும்போது ஆற்றுப் பெயரைச் சொல்லி வலது பக்கம் பார், இடது பக்கம் பார் என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது பெரிய தொல்லை.

திரும்பும்போது சாதாரண மின்சார ரயிலில் வந்தோம். இந்த முறை கதவோரம் நின்று கண்ணை அகல வைத்துக்கொண்டு பார்த்தேன். நுங்கம்பாக்கம் விட்டதும் கூவம். கறுப்புத் தண்ணீர், அதில் நடுவே தூண்கள், மூக்கைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் சேத்துப்பட்டு வந்துவிட்டது. கூவம் கரையில் குடியிருந்த எத்தனையோ குடும்பங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு வேலி போட்டிருக்கிறார்கள். ஆறு சுத்தமாகிறதாம். அவர்கள் போய்விட்டார்கள், நாற்றம் போகவில்லை.

தூணில் பெயின்டால் கோடு போட்டு எழுதியிருப்பார்கள், வெள்ளம் அதிகபட்சம் எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்தது, எந்த மட்டம் வந்தால் ஆபத்து என்று. ஒவ்வொரு பாலத்துக்கும் இந்த ஜாதகம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி ரயில்கள் நின்றுபோனபோது, எங்கள் வீட்டில் எல்லாரும் பால் கிடைக்குமா, மெழுகுவர்த்தி கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தோம். பெரியப்பா மட்டும் டிவியில் சைதாப்பேட்டையைக் காட்டும்போதெல்லாம் கிட்டே போய் நின்று, "தூணு எங்க காட்டுறான் பாரு, மூஞ்சியத்தான் காட்டுறான்" என்று நிருபரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் மூர்மார்க்கெட் ஸ்டேஷனுக்கு நடந்து, பெரம்பூருக்கு ஏறினோம். அங்கே அக்கா புதிதாக ஃபிளாட் வாங்கியிருக்கிறாள், மதியச் சாப்பாடு அங்கேதான். பேசின்பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர். இருபது நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நீராவி ரயிலுக்கு நியாயமான பாதை என்றால் இதுதான். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் திசையில்தான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது, அந்த உயரத் தூண்களைப் பார்க்கவாவது ஒரு நாள் போய்விட்டு வாருங்கள், கூட்டமே இருக்காது. கட்டடம் நின்றதற்குப் பலகை உண்டு, எஞ்சினுக்கு ஊர்வலம் உண்டு. வழியில் வரும் வாய்க்கால் பாலங்களுக்கு ஓர் எண்ணைத் தவிர எதுவும் இல்லை.

அக்கா வீடு ஒன்பதாவது மாடி. சுற்றிலும் ஒரு காலத்தில் குடோன், பட்டறை, மில் என்று இருந்த நிலமெல்லாம் இப்போது இதே மாதிரி அடுக்குமாடிகள். பால்கனியில் நின்றால் தண்டவாளம் முழுக்கத் தெரியும். கீழே ஒரு கால்வாய், அதைத் தாண்டும் சின்ன இரும்புப் பாலம். வீட்டைக் காட்டிய விற்பனைப் பையன் "ரயில்வே வியூ" என்று சொன்னானாம், ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு.

நாங்கள் போன நேரம் அந்தப் பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரயில் வருவதற்கு முன்னால் ஒருவர் விசில் ஊத, எல்லாரும் ஒதுங்கி நிற்க, வண்டி மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து போகிறது. பெரியப்பா காப்பியைக்கூட வாங்காமல் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"துரு சொரண்டுறாங்க" என்றார். "அதுதான் பாதி வேலை. பெயின்ட் அடிக்கிறது ரெண்டு நாள், சொரண்டுறது பத்து நாள். சரியாச் சொரண்டாம மேல பூசினா, உள்ள இருந்தே தின்னும்."

எதனால் இவ்வளவு துரு என்று கேட்டேன். கடல் காற்று என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதுவும் சொன்னார். ஆனால் முதல் காரணம் வேறு. ரயில் கழிவறை நேராகத் தண்டவாளத்தில் திறந்திருந்த காலத்தில், பாலத்தின் மேல் விழுவதெல்லாம் கர்டரின், அதாவது பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரத்தின், விளிம்பில் தங்கும். இரும்பை அது தின்கிற மாதிரி உப்புக்காற்றுகூடத் தின்னாது. சொரண்டுகிறவன் சட்டியும் உளியுமாக அதற்குக் கீழேதான் தொங்க வேண்டும். "மேல வண்டி வந்தா தலையக் குனிஞ்சுக்குவோம், வேற என்ன பண்றது" என்று சிரித்தார். அவர் பாலத்தைப் பார் பார் என்று சொன்னபோதெல்லாம் இதைச் சொன்னதே இல்லை. இப்போது பயோ டாய்லெட் வந்துவிட்டதே என்றேன். "அதான். அதுக்கு ஒரு கும்பிடு."

சாப்பாட்டு மேசையில் பாடம் தொடர்ந்தது. அக்காவின் மரக்கரண்டியை இரண்டு டம்ளர்கள் மேல் படுக்கவைத்தார். இது கர்டர், இது தூண். வெயிலில் இரும்பு நீளும். 30 மீட்டர் கர்டர், 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு சென்டிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் தூணைத் தள்ளும். அதனால் ஒரு பக்கத்தைக் கட்டி, மறுபக்கத்தைச் சும்மா உட்கார வைப்பார்கள், அடியில் கிரீஸ் போட்டு. சில வருஷத்துக்கு ஒரு தடவை ஜாக்கி வைத்துக் கர்டரையே தூக்கி, பழைய கிரீஸை வழித்துப் புதுசு பூச வேண்டும். கரண்டியை லேசாகத் தூக்கிக் காட்டியபோது ரசம் சிந்தியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்துவந்து துடைத்தாள்.

பழைய பாலத்தைச் சரிசெய்வதில் இன்னொரு சங்கடம் இருக்கிறதாம். 1905-க்கு முந்தைய உருக்கில் பாஸ்பரஸ் அதிகமாக இருக்கும். சட்டென்று விரிசல் விடும், வெல்டிங் வைத்து ஒட்டுப்போட முடியாது. புதுத் தகடு வைத்து ரிவெட்டோ போல்ட்டோ போட்டுத்தான் முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கர்டரையே மாற்ற வேண்டும். மாற்றினால் அரக்கோணம் பணிமனையிலிருந்து புதுக் கர்டர் வரும். ரிவெட் என்றால் செக்கச்செவேல் என்று காய்ச்சி, ஓட்டையில் நுழைத்து, சூடு ஆறுவதற்குள் தலை அடிப்பது. ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அந்த மாதிரி அடிக்கிற கை இப்போது குறைந்துவிட்டது, அதனால் போல்ட் என்றார். சொல்லும்போது குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

"ரிவெட் லூசா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

எழுந்து பால்கனிக்குப் போனார். கைப்பிடிக் கம்பியைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டின் ஒரு ஓரத்தில் விரல் நுனியை வைத்தார், எதிர் ஓரத்தில் வீட்டுச் சாவியால் மெல்லத் தட்டினார். "சுத்தியல் சின்னதா இருக்கணும். காதால கேக்கறது பாதி, விரல்ல தெரியறது பாதி. கெட்டியா இருந்தா விரலுக்கு ஒண்ணும் தெரியாது." ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நாலாவதில் நின்றார். மறுபடி தட்டினார். என் விரலைப் பிடித்து வைக்கச் சொன்னார். ஒரு நடுக்கம், ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி.

"வீடு குடுத்து எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழு" என்றாள் அக்கா.

கீழே இருக்கிற பாலம் எத்தனை தலைமுறையைப் பார்த்ததோ, தெரியவில்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனர் கேட்டார். அக்கா வீட்டில் ஸ்பேனர் இல்லை. குழந்தை சைக்கிளோடு வந்ததை எடுத்துக்கொடுத்தாள், அது பொருந்தவில்லை.

பேச்சு வாக்கில் ராத்திரி ஆகிவிட்டது, தங்கிவிட்டோம். பெரிய வேலையெல்லாம் ராத்திரியில்தான் நடக்கும், கடைசி வண்டி போனதும் லைன் பிளாக், அதாவது பாதையில் வண்டி விடாமல் நிறுத்த அனுமதி, வாங்கிக்கொள்வார்கள், விடியற்காலை முதல் வண்டிக்கு முன்னால் ஒப்படைத்தாக வேண்டும். ஒரு மணி வாக்கில் சத்தத்தில் முழிப்பு வந்தது. பால்கனியில் பெரியப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. கீழே விளக்குகள், மஞ்சள் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர். டங், டங், டங். எதிர்ப்பக்க மாடிகளில் ஒவ்வொன்றாக ஜன்னல் சாத்துகிறார்கள்.

அக்கா தூக்கக் கலக்கத்தோடு போனை நீட்டினாள். அவர்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாக மெசேஜ். நடுராத்திரியில் இது என்ன அநியாயம், குழந்தைகள் தூங்க வேண்டாமா, ரயில்வேக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டு எழுதலாம், ஹாரனையும் சேர்த்து எழுதுங்கள். யாரோ ஒருவர் முந்தின வாரம் நீராவி எஞ்சின் படத்தை அதே குரூப்பில் போட்டு நாற்பது இதயம் வாங்கியிருந்தார். மேலே தள்ளினால் அது தெரிந்தது.

"இவங்களுக்கு என்னன்னு சொல்றது பெரியப்பா?"

அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "தட்டிப் பாக்கிறாங்கன்னு சொல்லு" என்றார். "நாலு நாள்ல முடிஞ்சிரும்."

அக்கா டைப் அடித்து அனுப்பினாள்: கீழே பாலத்தில் போல்ட், ரிவெட் எல்லாம் கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள், நாலு நாளில் முடிந்துவிடும். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒருவர் கட்டைவிரல் போட்டார். அதற்கடுத்து ஏழாவது மாடிக்காரர் கேட்டிருந்தார்: "அப்படியே நம்ம பி பிளாக் லிஃப்டையும் தட்டிப் பாக்கச் சொல்லுங்க மேடம்."