மஞ்சள் மண்டித் திரையில் கோடுகளை மீட்ட அனுபவம்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் கமிஷன் மண்டி. அங்கே ஓடும் கணக்கு மென்பொருள் தொண்ணூறுகளில் எழுதப்பட்டது. முழுக்க எழுத்துத் திரை. மௌஸுக்கு வேலையே இல்லை. விவசாயி பெயர், ஊர், டோக்கன் எண், மூட்டை, விரலி விலை, கிழங்கு விலை எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். கணக்குப்பிள்ளை கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அடித்துக்கொண்டு போவார். பழைய யுனிக்ஸ் சர்வருக்கு ஆயுள் முடிந்ததும் மென்பொருளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். மேஜைமேல் இருந்த டெர்மினல் பெட்டிகள் (சர்வரோடு பேசும் திரையும் கீபோர்டும்) போய், விண்டோஸ் கணினியும் அதில் டெர்மினல் போலவே நடிக்கும் புட்டி என்ற இலவச மென்பொருளும் வந்தன. கணக்கு பைசா பிசகாமல் வந்தது. கட்டங்களைத்தான் காணோம்.

மாற்றிக் கொடுத்தவர் "பார்வைக்குத்தான் அசிங்கம், வேலைக்குக் குறை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரிசெய்யப் போன எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே கோடில்லாமல் நின்றால், மாசியில் புது மஞ்சள் வரத்து ஏறி மூட்டை குவியும் நேரத்தில் கண் தடுமாறாமல் என்ன செய்யும்? "கோடு இல்லாமல் எப்படிங்க தம்பி எழுதுவது?" என்று கணக்குப்பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது.

பதிவுத் திரையின் மேல் விளிம்பில் கோட்டுக்குப் பதில் சிறிய ஆங்கில எழுத்துகள்: முதலில் எல், அடுத்து வரிசையாக க்யூ, கடைசியில் கே. பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை எக்ஸ். இதைப் பார்த்ததும் பாதி நிம்மதி. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 டெர்மினலில், ஒரு ரகசிய ஆணை போனதும் சிறிய ஆங்கில எழுத்துகளின் இடத்தில் கோட்டுத் துண்டுகள் வந்து உட்காரும். க்யூ படுக்கைக் கோடு, எக்ஸ் நிற்கும் கோடு, எல், கே, எம், ஜே நான்கு மூலைகள், என் குறுக்குச் சந்திப்பு. வேறோர் ஆணை போனால் மறுபடி எழுத்து. ஆக, சர்வர் சரியாகத்தான் அனுப்புகிறது. மாற்றும் ஆணையை இந்தப் பக்கத்துப் புட்டி ஜன்னல் காதில் வாங்கவில்லை.

அதற்குள் தொலைபேசியில் ஒரு நண்பர், டெர்மினல் வகையை எக்ஸ்டெர்ம் என்பதிலிருந்து விடி100 என்று மாற்றச் சொன்னார். இணையத்தில் பாதிப் பேர் தரும் மருந்தும் இதுதான். மாற்றியதும் நிறங்கள் மறைந்தன, எஃப்4க்கு மேற்பட்ட விசைகள் வேலைநிறுத்தம் செய்தன, க்யூ மட்டும் அசையவில்லை. வகையின் பெயர் என்பது சர்வருக்கு நாம் கொடுக்கும் அடையாளச் சீட்டு. ஜன்னல் கேட்க மறுப்பதற்குச் சீட்டை மாற்றி என்ன பயன்? எக்ஸ்டெர்முக்கே திரும்பினேன்.

புட்டியில் 'விண்டோ' என்பதன்கீழ் 'ட்ரான்ஸ்லேஷன்' பக்கம் இருக்கிறது. அதில் எழுத்துக் குறியாக்கம் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு) யுடிஎஃப்-8 என்று, அதாவது எல்லா மொழிகளுக்குமான யுனிகோடு முறையில், இருந்தது. அந்த நிலையில் விடி100 கோட்டு ஆணையைப் புட்டி வேண்டுமென்றே பொருட்படுத்துவதில்லை. யுடிஎஃப்-8இலும் அதை அனுமதிக்க அதே பக்கத்தில் ஒரு டிக் பெட்டி உண்டு. டிக் போட்டுப் புது இணைப்பு திறந்தேன். பதிவுத் திரையில் கட்டம் பளிச்சென்று நின்றது. (அங்கேயே 'பூவர் மேன்ஸ்' என்று ஒரு தேர்வும் இருக்கிறது. கூட்டல் குறி, கழித்தல் குறிகளை வைத்துக் கட்டம் கட்டும். ஏழைக்கும் இதைவிட நல்லது கிடைக்க வேண்டும்.)

அடுத்து நாள்முடிவு அறிக்கையைத் திறந்தால் கோடு இருக்க வேண்டிய இடமெல்லாம் அர்த்தமற்ற குறிகள். அந்தப் பகுதியை எழுதியவர் வேறு ஆள் போலும். விடி100 வழியை விட்டுவிட்டு, ஐபிஎம் பிசியோடு 1981இல் வந்த 437 என்ற எழுத்துப் பட்டியலின் பைட்டுகளை (ஒவ்வோர் எழுத்துக்கும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) நேரடியாக அனுப்பியிருந்தார். அதில் 196 படுக்கைக் கோடு, 179 நிற்கும் கோடு. உறுதிப்படுத்திக்கொள்ளக் குறியாக்கத்தை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலுக்கு மாற்றிப் பார்த்தேன். தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ வரிசையாகவும், ஓரங்களில் மேலே தூக்கி எழுதிய பொடி மூன்றாகவும் வந்தது. லத்தீன்-1இல் 196க்கும் 179க்கும் உரிய எழுத்துகள் அவைதாம். சந்தேகம் தீர்ந்தது.

'சிபி437' என்று தேர்ந்தெடுத்ததும் அறிக்கை நேராயிற்று. யுடிஎஃப்-8 அல்லாத நிலையில் விடி100 ஆணையும் தானாகவே செல்லும் என்பதால் பதிவுத் திரையும் கெடவில்லை. டிக் பெட்டிக்கும் தேவை போயிற்று. எழுத்துரு கூரியர் நியூ. ஒரு கணினியில் யாரோ அலங்கார எழுத்துரு வைத்திருந்தார்கள். அதில் கோடுகளே இல்லை. அதையும் மாற்றினேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. சர்வரின் பிற நிரல்கள் கோட்டை யுனிகோடில் அனுப்புபவை. யுனிகோடில் இதற்கென்றே 128 குறிகள் இருக்கின்றன. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 437 ஜன்னலில் அவை ஒரு கோட்டுக்கு மூன்று எழுத்தாக, கிரேக்க காமா, புள்ளி வைத்த ஓ, வால் முளைத்த சி என்று கூட்டமாக வந்து நிற்கும். அதனால் புட்டியில் இரண்டு இணைப்புகளைச் சேமித்தேன். 'கணக்கு' என்பது 437. அந்தப் பயனரின் மொழி அமைப்பையும், யுனிகோடு கலக்காத அடிப்படை அமைப்பான வெறும் 'சி' ஆக்கிவிட்டேன். சர்வர் பராமரிப்புக்கு யுடிஎஃப்-8 இணைப்பு தனி.

கொடுமுடி, சிவகிரி, அந்தியூர் என்று ஊர்ப் பெயர்களையாவது தமிழில் போடக்கூடாதா என்று முதலாளி கேட்டார். 437இல் தமிழே கிடையாது. யுடிஎஃப்-8க்குப் போனாலும், ஒரு பைட்டுக்கு ஓர் இடம் என்று எண்ணும் பழைய மென்பொருள் இது. தமிழில் ஓர் உயிர்மெய்யே ஆறு பைட்டு ஆகலாம். வலப்பக்கக் கோடு வரிக்கு வரி ஆடும். புதிதாக எழுதினால்தான் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் மிச்சம் இருந்தது. பில்லில் கோடு வரவேண்டிய இடத்தில் சாய்ந்த டி வரிசை, ஓரத்தில் சாய்ந்த மூன்று. 196இல் 128 போனால் 68, அது டி. 179இல் போனால் 51, அது மூன்று. மேல்பாதிப் பட்டியலைச் சாய்வெழுத்தாக அச்சிடும் அமைப்பில் பிரின்டர் இருக்கிறது என்று பொருள். பொத்தானை அழுத்தியபடி பிரின்டரை இயக்கி, அது தானே அச்சிட்டுக் காட்டும் அமைப்புப் பட்டியலில் 'இட்டாலிக்' என்பதை 'பிசி437' ஆக்கினேன். அடுத்த பில்லில் விரலிக்கும் கிழங்குக்கும் நடுவே கோடு விழுந்தது.