எதிர்பார்த்தது கொடுவா, வந்தது கொடுவா

ஜூன் 12, இரவு ஒன்பது மணி. புதுச்சேரி அலுவலகத்தில் நானும், எங்கள் குழுவில் இளையவளான ஒருத்தியும் மட்டும் மிச்சம். திரையில் ஒரே ஒரு டெஸ்ட், அதாவது எங்கள் கோட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்ன நிரல், தோற்றுப்போய்ச் சிவப்பாக நின்றது. அது சொன்னதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

எதிர்பார்த்தது: "கொடுவா"
வந்தது: "கொடுவா"

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். ஒன்றாகத்தான் தெரிந்தது. முன்னால் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. டெஸ்ட்டை மறுபடி ஓட்டினோம், மறுபடி சிவப்பு.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகளின் ஏலக் கணக்கைப் பார்க்கும் ஒருவருக்கான மென்பொருள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், வலைகளைப் பிரித்துச் சரிசெய்வார்கள், எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கும் கிடைத்த நேரம். படகுகள் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பும்போது முதல் ஏலம் எங்கள் மென்பொருளில் பதிவாக வேண்டும். நான் தேவனாம்பட்டினத்துப் பெண். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் அது யார் வீட்டு அடுப்பில் போய் முட்டும் என்று எனக்குத் தெரியும்.

காரணம் பேருந்தில்தான் பிடிபட்டது. அரியாங்குப்பம் தாண்டி தவளக்குப்பம் வரும்போது, இரண்டு சொற்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. மடிக்கணினியை அங்கேயே திறந்தேன். ஒன்று 6, இன்னொன்று 7.

தமிழில் கணினி வேலை செய்கிறவர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு தனிக் குறியீடுகளாகவும் போடலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வாடிக்கையாளரின் பழைய மீன் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது. அதை மாற்றிய கருவி கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்துவிட்டது. நாங்கள் டெஸ்ட்டில் தட்டியது ஒற்றைக் குறியீடு.

டெஸ்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்ன விதத்தில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுத வந்த விஷயம் இதுதான். மேட்சர் நூலகங்களை, அதாவது டெஸ்ட்டில் வந்த மதிப்பு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஆயத்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "கோட் படிக்க அழகாக இருக்கும்" என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, டெஸ்ட் தோற்கும்போது அது என்ன பேசுகிறது என்பது.

ஆரம்பத்தில் எங்கள் டெஸ்ட்டுகளில் பாதிக்கு மேல், ஒரு நிபந்தனை உண்மையா என்று மட்டும் பார்க்கும் 'அசர்ட்ட்ரூ'தான். உள்ளே ஒரு நீண்ட நிபந்தனை, தோற்றால் "ட்ரூ எதிர்பார்த்தேன், பால்ஸ் வந்தது" என்ற ஒற்றை வரி. பட்டியலில் எத்தனை மீன் இருந்தது, எது விடுபட்டது, எந்தத் தொகை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எதுவும் தெரியாது. உள்ளே போய்ப் பிரேக்பாயின்ட் வைத்து, கோட்டை நடுவில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் 'அசர்ட்ஈக்வல்ஸ்' கொஞ்சம் தேவலாம். ஆனால் ஜாவா மொழியில் டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட்டில் எதிர்பார்க்கும் மதிப்பு முதலில், கிடைத்த மதிப்பு அடுத்து என்ற வரிசை பலருக்கு மனதில் நிற்பதில்லை. மாற்றி எழுதினாலும் டெஸ்ட் ஓடும், தோற்கும்போது மட்டும் தலைகீழாகச் சொல்லும்.

அதனால் ஹேம்கிரெஸ்ட் என்ற மேட்சர் நூலகத்துக்கு மாறினோம். 'மேட்சர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வந்த பெயர் அது. 2007-ல் ஜேயூனிட் 4.4 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2017-ல் வந்த ஜேயூனிட் 5, மதிப்பையும் மேட்சரையும் கொடுத்து ஒப்பிடும் 'அசர்ட்தட்' முறையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், விருப்பமான நூலகத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. ஹேம்கிரெஸ்ட், அசர்ட்ஜே, ட்ரூத் என்று இப்போது தேர்வு நம் கையில்.

ஹேம்கிரெஸ்ட்டில் மேட்சர் என்பது மூன்று காரியம் தெரிந்த ஒரு பொருள். மதிப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும். தான் எதைத் தேடுகிறேன் என்று சொல்லும். பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்றும் சொல்லும். கடைசி இரண்டையும் நாமே எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம். எங்கள் வேலையை மாற்றியது அந்த மூன்றாவது காரியம்.

கொடுவா விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வடிவத்தையும் ஒன்றாகப் பாவிக்கும் மேட்சர் எழுதிவிட்டால் டெஸ்ட் பச்சையாகிவிடும், எழுத்து வடிவங்களை ஒருமைப்படுத்தும் ஜாவாவின் 'நார்மலைசர்' வகுப்பில் இரண்டு வரி வேலை. இளையவள் அதைத்தான் முதலில் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். டெஸ்ட் கண்டுகொள்ளாமல் விட்டால், ஏலக் கணக்கில் கொடுவா இரண்டு வரியாகப் பிரிந்து, இரண்டு மொத்தம் காட்டும். சரிசெய்ய வேண்டிய இடம் பட்டியலை உள்ளே வாங்கும் கோட். மேட்சர் கறாராகவே இருக்கட்டும், ஆனால் வாய் திறந்து பேசட்டும் என்று முடிவு செய்தோம். இப்போது அது இப்படிச் சொல்லும்:

வேண்டியது: "கொடுவா"
வந்தது: பார்வைக்கு அதே சொல், உள்ளே குறியீடு வேறு (6 வேண்டும், 7 இருக்கிறது)

இதை முன்பே எழுதியிருந்தால் அன்றைக்கு எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்போம்.

அப்புறம் பெயர்கள். ஜாவாவில் மதிப்பை வைத்திருக்கும் மாறிகளுக்கும், வேலையைச் செய்யும் மெத்தடுகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். யூனிகோடு எழுத்துகளை அந்த மொழி ஏற்றுக்கொள்கிறது, புள்ளியும் கொம்பும் உட்பட. மூலக் கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் இருக்கிறது என்று, கோட்டைக் கணினிக்கு ஏற்ப மாற்றும் கம்பைலருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2022-ல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்பு. பழைய பதிப்பு என்றால் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். மென்பொருள் முழுவதையும் தமிழில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் டெஸ்ட் என்பது வாடிக்கையாளரின் விதியை எழுதிவைக்கும் இடம், அவர்கள் விதி தமிழில்தான் இருக்கிறது. பங்கு, கழிவு என்பதற்கெல்லாம் ஆங்கிலப் பெயர் தேடி, பிறகு அதற்கு என்ன பொருள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த காலம் போதும்.

'அசர்ட்தட்'டை நேரடியாக அழைக்காமல் 'சரிபார்' என்று பத்து வரியில் ஒரு மெத்தட் எழுதினோம். நூலகம் ஆங்கிலத்தில் அச்சிடும் இரண்டு தலைப்புகளும் அதில் 'வேண்டியது', 'வந்தது' என்று ஆகிவிட்டன. டெஸ்ட் இப்படி இருக்கும்:

சரிபார்(பங்குகள், மொத்தம்(16540));

இது நிஜமாகவே கம்பைல் ஆகும் ஜாவா. கொஞ்சம் இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹேம்கிரெஸ்ட்டின் சொல்வரிசை ஆங்கில வாக்கியத்துக்காக அமைந்தது, வினை முன்னால் வந்து நிற்கும். நாம் பொருளை முதலில் வைத்து வினையைக் கடைசியில் சொல்கிறவர்கள். அந்த வகையில், பொருளை முன்வைத்து அதன் பின்னால் புள்ளி புள்ளியாகக் கோக்கும் அசர்ட்ஜே நம் நாவுக்கு இன்னும் ஒட்டும். ஆனாலும் நான் ஹேம்கிரெஸ்ட்டிலேயே நின்றேன். ஒருமுறை எழுதிய மேட்சரை 'எல்லாவற்றுக்கும்', 'இல்லை', 'இரண்டும் சேர்ந்து' என்று மற்ற மேட்சர்களுக்குள் செருக முடிகிற வசதியை விட மனமில்லை.

பெயர்களிலும் அதே கொம்பு, கால் சிக்கல் உண்டு. ஜாவா பெயர்களை ஒருமைப்படுத்திப் பார்க்காது. 'தொகை' என்று இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டினால் அது இரண்டு வேறு மாறிகள். எல்லோரும் ஒரே விசைப்பலகை என்று விதி வைத்துக்கொண்டோம்.

சரி, 13-ம் தேதிக்கு வருகிறேன். காலையில் மடிக்கணினியோடு கடலூர் முதுநகருக்குப் போனேன். கணக்குப்பிள்ளை ஐயா முப்பது வருடமாகக் கையால் கணக்கு எழுதியவர். டெஸ்ட் அறிக்கையை அவரிடம் காட்ட வேண்டும் என்று நான் போகவில்லை, வேறு சந்தேகம் கேட்கத்தான் போனேன். திரையில் சிவப்பாக ஒரு வரி கிடந்தது, அவரே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

வேண்டியது: பங்குகளின் மொத்தம் 16,540
வந்தது: மொத்தம் 16,534, ரூபாய் 6 குறைகிறது

அந்தக் கணக்கு இது. ஏலம் 68,400. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 27,050 போக நிகரம் 41,350. இவர்கள் கணக்கில் அதில் நூற்றுக்கு நாற்பது தொழிலாளிகளுக்கு, அதாவது 16,540. ஆறு பேர், ஓட்டுநருக்கு இரண்டு பங்கு, ஆக ஏழு பங்கு. வகுத்தால் முழுசாக வராது. பைசாவை விட்டால் பங்கு 2,362, ஏழுக்கு 16,534. அந்த ஆறு ரூபாயை யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் மூன்று நாளாக ரவுண்டிங் முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, ஆறு ரூபா எங்கயும் போவல. அது கோயில் கணக்கு" என்றார்.

"கோயில் கணக்கா, ஐயா?"

"சில்லறை மிஞ்சினா கோயிலுக்குன்னு ஒரு பக்கம் எழுதுவோம். இத உன்கிட்ட யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. விதியே வேறு: பங்குகளும் கோயில் கணக்கும் சேர்ந்துதான் 16,540. "ட்ரூ எதிர்பார்த்தேன், பால்ஸ் வந்தது" என்று திரையில் இருந்திருந்தால் அவர் கண் அதில் நின்றிருக்காது. "ரூபாய் 6 குறைகிறது" என்று அவர் மொழியில் இருந்ததால், நாங்கள் கேட்கத் தெரியாமல் இருந்த கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். அந்த வித்தியாசத் தொகையை அச்சிடும் வரியை எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பணத்துக்கு ஜாவாவின் தசம எண் வகையான 'பிக்டெசிமல்' பயன்படுத்தினால் 2362-ம் 2362.00-ம் 'ஈக்வல்ஸ்' பார்வையில் சமம் அல்ல, பின்ன இலக்கங்களின் எண்ணிக்கையையும் அது பார்க்கும். ஹேம்கிரெஸ்ட்டில் 'கம்பேர்ஸ்ஈக்வல்டு' என்ற மேட்சர் மதிப்பை மட்டும் ஒப்பிடும், அதை எடுங்கள். இன்னொன்று 'கன்டெய்ன்ஸ்'. ஹேம்கிரெஸ்ட்டில் அதன் பொருள், பட்டியலில் இவை மட்டுமே, இதே வரிசையில். அசர்ட்ஜேயில் அதே பெயருக்கு, இவை எங்கேயாவது இருந்தால் போதும் என்று பொருள். ஹேம்கிரெஸ்ட்டிலிருந்து அசர்ட்ஜேக்கு மாறும்போது, வஞ்சிரமும் சங்கராவும் மட்டும் இருக்க வேண்டிய பட்டியலில் மூன்றாவது மீன் நுழைந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். எங்கள் மேட்சருக்கு 'இவைமட்டும்' என்றே பெயர் வைத்துவிட்டேன், யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வந்தன, முதல் ஏலங்கள் பதிவாயின. கோயில் பக்கமும் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு டெஸ்ட் மட்டும் சிவப்பாக நிற்கிறது, நானே எழுதி நிறுத்தி வைத்திருப்பது. மீன் சரியாகக் கிடைக்காத பயணம்: ஏலம் 19,800, செலவு அதே 27,050. "தொழிலாளிகள் பங்கு சுழியத்துக்குக் கீழே, 2,900 ரூபாய்" என்று அது சொல்கிறது. அந்த நஷ்டத்தை உரிமையாளர் ஏற்பாரா, அடுத்த பயணத்தில் கழிப்பார்களா என்று ஐயாவிடம் கேட்டேன். திரையை இரண்டு முறை படித்துவிட்டு, படகுக்காரர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த வரியைத் தாளில் அச்சிட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.