நெளிந்த அலகெல்லாம் ஜாவாவின் கிரிஸ் அல்ல

பழம்பொருள் விற்பனைப் பட்டியல்களில், நெளிந்த அலகுடைய வாள் எதுவாயினும் அதை ‘ஜாவா கிரிஸ்’, அதாவது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக் குத்துவாள், என்று எழுதிவிடும் வழக்கம் என்னை வருத்துகிறது. தெற்குப் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ, சூலு பகுதிகளில் மோரோ மக்கள் ஏந்திய கிரிஸ், வெட்டவும் உதவும் அகன்று கனத்த போர்வாள். ஜாவாவின் கிரிஸோ குத்துவதற்கென மெலிந்து அமைந்தது. கைப்பிடிக்குள் செல்லும் வால்பகுதி ஜாவாவில் உருண்டையாக இருக்கும். மோரோ வாளில், வீசும்போது பிடி சுழன்றுவிடாதபடி சதுரமாகவோ செவ்வகமாகவோ இருக்கும். நேரான அலகுகள் இரு மரபிலும் உண்டு என்பதால், நெளிவை மட்டும் நம்பி முடிவுசெய்ய இயலாது.

ஜாவா அலகில் தெரியும் வெள்ளிநிறக் கோலத்தின் பெயர் பமோர். அது மேற்பரப்பில் பொறித்த அலங்காரமன்று. சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கி, பின்னர் எலுமிச்சைச் சாற்றில் ஆர்செனிக் கலந்து பூசும்போது, இரும்பு கறுத்து, நிக்கல் அடுக்கு மட்டும் ஒளிர்வதால் எழுவது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாவில் பிரம்பனன் என்ற ஊரருகே கிடைத்த விண்கல்லிலிருந்தும் அரண்மனைக் கொல்லர்கள் நிக்கலைப் பெற்றார்கள். அதற்காக ஒவ்வொரு பமோரையும் விண்கல் இரும்பு என்று விற்பதை ஏற்க முடியாது. பழைய அலகைப் பளபளப்பாகத் தேய்த்துவிடாதீர்கள், கோலம் மங்கிவிடும். ஆர்செனிக் படிந்திருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தடவிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன்.