ராடர் காட்டும் இடத்தை நம்பலாம், ஆழத்தை அளந்துதான் நம்பவேண்டும்

கிழக்கிலங்கையில் கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் கரையோர வீடுகளில் கொங்கிரீட்டைத் துளைக்கும் வேலை நிற்பதே இல்லை. சோலர் பனலுக்குக் கால் பூட்டுவார்கள், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட் வைப்பார்கள், மேல்மாடி ஏற்றியதும் பாத்ரூம் குழாய்க்கு ஸ்லாப்பில் ஓட்டை போடுவார்கள். உள்ளே கம்பி எங்கே போகிறது, வயர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்க்காமல் ட்ரில்லை வைத்தால் என்ன ஆகும் என்பது மேசன்மாருக்கே தெரியும். இப்போது, சில்லுள்ள சிறு வண்டி போலத் தரையில் ஓட்டிக் கொங்கிரீட்டின் உள்ளே பார்க்கும் ராடர் கருவியை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் திரையில் தெரியும் ஆழத்தை அப்படியே எடுத்துக்கொண்டு துளைப்பது, நம் கரையோரத்தில் குறிப்பாக, ஆபத்தானது. கம்பி இருக்கும் இடத்தைக் கருவி சரியாகச் சொல்லும். ஆழத்தை அது ஊகித்துத்தான் சொல்கிறது.

ஆழத்துக்காகக் கருவி அளப்பது நேரத்தை மட்டுமே. அன்டெனா ஒரு மின்காந்தத் துடிப்பை உள்ளே அனுப்பும், அது கம்பியில் பட்டுத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை ஆழமாக மாற்ற, அலை என்ன வேகத்தில் ஓடியது என்று தெரியவேண்டும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது கொங்கிரீட்டின் டைஎலெக்ட்ரிக் எண், அதாவது ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்று காட்டும் எண். காற்றுக்கு அது 1, காய்ந்த கொங்கிரீட்டுக்கு 5, 6 அளவு, ஈரமானதற்கு 9, 10, அதற்கு மேலும். தண்ணீருக்கு ஏறக்குறைய 80. அதனால்தான் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் கணக்கு மாறிவிடுகிறது. காற்றில் ஒரு நானோ செக்கனில் 300 மி.மீ. ஓடும் அலை, எண் 6 உள்ள கொங்கிரீட்டில் 122 மி.மீ. ஓடும், 9 உள்ளதில் 100 மி.மீ. மட்டுமே.

கருவியில் 6 என்று வைத்துவிட்டு, உண்மையில் 9 உள்ள ஈர ஸ்லாப்பில் ஓட்டினால், 50 மி.மீ. ஆழத்தில் உள்ள கம்பியை 61 மி.மீ. என்று காட்டும். 'அறுபது வரைக்கும் பயமில்லை' என்று அங்கர் போல்ட்டுக்கு 55 மி.மீ. துளைத்தால் பிட் நேரே கம்பியில் போய் நிற்கும். பிழை எப்போதும் இந்தப் பக்கமாகவே சாயும்: காய்ந்த எண்ணை வைத்து ஈரத்தை அளந்தால், கம்பி உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

ஈரமும் உப்பும் செய்வது இரண்டு வேறு வேலை. ஈரம் அலையின் வேகத்தைக் குறைக்கும். உப்பு, அந்த ஈரத்தில் கரைந்து மின்சாரம் கடத்த வைத்து, அலையின் வலுவைத் தின்றுவிடும். கடற்காற்று படும் வீடு, உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்த கொங்கிரீட், கழுவாத கடல்மணல் போட்ட பழைய ஸ்லாப் ஆகியவற்றில் கீழ்க் கம்பி திரையில் மங்கிப் போவதற்கு இதுதான் காரணம். கீழே கம்பி இல்லை என்று அர்த்தமில்லை. அலை அதுவரைக்கும் போய்த் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

நாள் பார்க்க முடிந்தால் வறண்ட கச்சான் காற்றடிக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் செய்யுங்கள். மாரியில் மொட்டைமாடியின் மேற்பரப்பு இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். புதுக் கொங்கிரீட்டும் அப்படியே. 28 நாள் முடிந்ததும் வலிமை வந்திருக்கும், ஈரம் போயிருக்காது. அவசரமாக மாரியிலேயே செய்யவேண்டி வந்தால் செய்யலாம், ஆனால் அன்றைக்கு, அதே ஸ்லாப்பில், எண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான்.

துளைக்காமல் அதைக் கண்டுபிடிக்க மிக நம்பகமான வழி ஸ்லாப்பின் தடிப்பு. படிக்கட்டுத் திறப்பிலோ பால்கனி ஓரத்திலோ நாடா வைத்து அளக்கலாம். மேலே போட்ட சிமெந்துத் தளம், கீழே அடித்த பூச்சு எல்லாம் சேர்த்து மொத்தமாக அளக்கவேண்டும், ஏனென்றால் அலை அத்தனையையும் கடந்து கடைசியில் காற்றைத் தொடும் இடத்தில்தான் நன்றாகத் தெறிக்கும். பிறகு திரையில் அந்த அடிக்கோடு எத்தனை நானோ செக்கனில் வருகிறது என்று பாருங்கள். மொத்தத் தடிப்பு 150 மி.மீ. என்றால் கணக்கு மிகச் சுலபம்: அந்த நேரத்தை அதாலேயே பெருக்கினால் எண் கிடைத்துவிடும். 2.45 நானோ செக்கன் வந்தால் 6, 3 வந்தால் 9. 125 மி.மீ. என்றால் நேரத்தை முதலில் 1.2ஆல் பெருக்கிவிட்டு அப்படிச் செய்யுங்கள். மணலுக்கு மேல் நேரே போட்ட கீழ்த்தளத்தில் இது சரிவராது. அங்கே அடிக்கோடு மங்கலாக இருக்கும், அல்லது வரவே வராது.

அப்படிப்பட்ட இடத்தில் கம்பியின் வளைவை வைத்துப் பார்க்கலாம். வண்டி கம்பியைக் குறுக்கே கடக்கும்போது திரையில் கவிழ்த்த வில் போல ஒரு கோடு விழும். கருவியில் உள்ள மாதிரி வளைவை அதன்மேல் பொருத்தினால் எண் கிடைக்கும். ஈரமான கொங்கிரீட்டில் வில் ஒடுங்கி நிற்கும், காய்ந்ததில் அகலும். இது நடுத்தரமான வழிதான், கம்பிகள் நெருக்கமாக இருந்தால் வில்லின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஏமாற்றும். முக்கியமான வேலை என்றால் இஞ்சினியரைக் கேட்டு, ஒரு கம்பியின் நேர் மேலே 6 மி.மீ. பிட்டால், ஹேமர் இல்லாமல், மெதுவாகத் துளைத்து, கம்பியைத் தொட்டதும் ஆழத்தை அளந்து, கருவியில் அதைப் பதியுங்கள். இதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது.

அன்டெனாவைத் தெரிவு செய்வதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 2.6 கிகாஹேர்ட்ஸ் நெருக்கமான கம்பிகளைப் பிரித்துக் காட்டும், காய்ந்த கொங்கிரீட்டில் 300 மி.மீ. வரை போகும். 1.6 இன்னும் ஆழம் போகும், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உள்ள கம்பிகள் ஒட்டித் தெரியும். வீட்டு ஸ்லாப்புக்கு 2.6 போதும். தடித்த பீம், அத்திவாரம் என்றால் 1.6.

ஓட்டுவதற்கு முன் தரையை நன்றாகக் கூட்டுங்கள். நம் பக்கம் எங்கும் மணல். சில்லு மணலில் வழுக்கினால் தூரக் கணக்கே பிழைக்கும், அப்போது இடத்தையும் நம்ப முடியாது. நாடாவை 2 மீற்றருக்கு விரித்து அதன் பக்கத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 20 மி.மீ. வித்தியாசம் வந்தால் சில்லைத் துடைத்து மறுபடி சரிசெய்யவேண்டும். டைல்ஸ் மேல் ஓட்டலாம். மூட்டுகளில் வண்டி துள்ளினால் 3 மி.மீ. பிளைவூட் துண்டொன்றை விரித்து அதன்மேல் ஓட்டுங்கள், பிறகு அந்த 3 மி.மீ.யை ஆழத்தில் கழிக்க மறக்காதீர்கள். சுவரிலும் பீமிலும் பூச்சுக்கும் அதே கணக்கு: பூச்சு 15 மி.மீ., கருவி 45 காட்டினால் கம்பிக்கு மேலுள்ள கொங்கிரீட் 30தான்.

முதலில் நீளத்துக்கு ஒன்று, குறுக்கே ஒன்று என்று ஓட்டிக் கம்பி போகும் திசைகளைப் பிடியுங்கள். ஒரு கம்பியின் நீளத்தோடே வண்டி போனால் வில் விழாது, தட்டையான கோடுதான் விழும், அதை ஸ்லாப்பின் அடி என்று எண்ணிவிடுவார்கள். பிறகு துளைக்கவேண்டிய இடத்தை நடுவில் வைத்து 600 மி.மீ.க்கு 600 மி.மீ. சதுரம் போட்டு, 100 மி.மீ.க்கு ஒரு கோடாக இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். வயர்க் குழாய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 50 மி.மீ.க்கு ஒரு கோடு. வில்லின் உச்சி விழும் இடத்தைப் பின்னால் ஓட்டி வந்து தரையிலேயே சோக்கால் குறிக்கவேண்டும். நேரே அடுத்தடுத்த கோடுகளிலும் தொடர்ந்து வந்தால் அது கம்பி. சரிந்து, கம்பி ஒழுங்கை வெட்டிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் குழாய். வெறும் பிவிசி குழாய் மங்கலாகத்தான் தெரியும், அதன் கறுப்பு வெள்ளை வரிசை கம்பிக்கு நேர்மாறாக இருக்கும். பக்கத்தில் உறுதியான ஒரு கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபடும். சில கருவிகள் மின்சாரம் ஓடும் வயரின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வையும் உணரும், ஆனால் அந்த நேரம் வயரில் மின்சாரம் ஓடவேண்டும். லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு ஓட்டுங்கள், துளைக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

இடம் சரியாகத் தெரிந்தாலும் இடைவெளி போதாமல் போகும் சந்தர்ப்பம் உண்டு. பாத்ரூமின் 110 மி.மீ. குழாய்க்கு 127 மி.மீ. கோர் (வட்டத் துளை) வெட்டுவார்கள் என்று வையுங்கள். 12 மி.மீ. கம்பிகள் 150 மி.மீ. இடைவெளியில் என்றால் நடுவில் உள்ள வெற்றிடம் 138 மி.மீ. கோருக்கு இரண்டு பக்கமும் ஐந்தரை மி.மீ.தான் மிச்சம். ராடரால் குறித்த இடமே 5 முதல் 10 மி.மீ. வரை விலகலாம். ஆகவே இந்த இடத்தில் கம்பியைத் தப்பவிட்டு வெட்டலாம் என்று யாரும் உறுதி சொல்லக்கூடாது. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் உள்ள இடத்துக்குக் குழாயை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் எந்தக் கம்பியை வெட்டலாம் என்று இஞ்சினியர் சொல்லட்டும், மேசன் தீர்மானிக்கக்கூடாது.

ராடரால் முடியாததையும் சொல்லவேண்டும். கம்பியின் விட்டத்தை அது நம்பும்படி தராது. அதற்குக் காந்தப் புலத்தால் கம்பியைத் தேடும் கவர்மீற்றர் வேண்டும், அதுவும் கம்பி மேலாக இருந்தால்தான். மேல் கம்பிக்கு நேர் கீழே ஒளிந்திருக்கும் கம்பி தெரியாது. மேல் வலை 50 மி.மீ. கண்ணாக இருந்தால் அதன் கீழ் எல்லாமே மறைந்துபோகும். இரும்புத் தகட்டின் அடியில் என்ன என்று அது பார்க்காது. சுவரோரம் அன்டெனாவின் அரை அகலம் அளவுக்குக் குருட்டு இடம் இருக்கும், அங்கே அங்கர் வைக்காதீர்கள்.

கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் ராடர் நேரடியாகச் சொல்லாது. பாலத்தின் மேல்தளத்தில் மேல் கம்பிகளிலிருந்து வரும் தெறிப்பு எங்கெங்கே வலுவிழக்கிறது என்று படமாக்கி, உப்பும் ஈரமும் ஏறிய இடங்களைச் சந்தேகப்படலாம். தார் போட்ட பாலத்தளத்துக்கு ஏஎஸ்டிஎம் டி 6087 என்ற அமெரிக்கத் தரநியமம் இதற்கான முறையைத் தருகிறது. சந்தேகமான இடத்தில், கம்பியின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஹாஃப்செல் வைத்து அளக்கும்போது, செப்பு-செப்புசல்பேற்று அளவுகோலில் −350 மில்லிவோல்ற்றுக்குக் கீழே போனால் அங்கே துருப்பிடிப்பதற்கு 90 வீதத்துக்கும் மேல் வாய்ப்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேலே 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம், 2014இல் திறந்த மண்முனைப் பாலம் போன்றவற்றுக்கு இப்படியொரு படத்தை, பழுது தெரியாத காலத்திலேயே எடுத்துவைப்பது பெரிய பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பத்து வருடம் கழித்து ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.

ஸ்கேன் செய்தவரிடம் வாங்கவேண்டிய அறிக்கையில், எந்த டைஎலெக்ட்ரிக் எண், அது எந்த வழியில் கிடைத்தது, எந்தத் திகதி, கடைசியாக எப்போது மழை, எந்த இடத்தை ஓட்ட முடியவில்லை என்ற ஐந்தும் இருக்கவேண்டும். வண்ணப்படம் மட்டும் தந்தால் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சரிபார்க்கத் துளைத்த 6 மி.மீ. ஓட்டையை அன்றைக்கே தூசி ஊதி இபொக்சியால் அடையுங்கள். திறந்து விட்டால் கடற்காற்று உப்பை நேரே அந்தக் கம்பிக்குக் கொண்டுபோகும்.