கிணற்று மூடியும் வட்டத்தின் விட்டமும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுப் பட்டாலையில் மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிவது தேக்கு விட்டம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை குறுக்கே கிடக்கும் கட்டை. வட்டத்துக்கும் ஒரு விட்டம் உண்டு என்று பள்ளியில் படித்தபோது, "விளிம்பின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு நாண், மையத்தின் வழியே செல்லும் நாண் விட்டம், அதில் பாதி ஆரம்" என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அது புரிந்தது போன மாதம்தான், கொல்லையில் இருக்கும் கிணற்றுக்குக் கம்பி மூடி செய்யக் கொடுத்தபோது.

அளவெடுக்க நானும் அண்ணனும் எதிரெதிரே நின்றோம். துவைக்கிற கல் இடித்ததால் நான் ஓர் அடி தள்ளி நின்றேன், அண்ணனும் எனக்கு நேராக வரட்டும் என்று அதே அளவு நகர்ந்து டேப்பைப் பிடித்தார். 68 அங்குலம். ஓரத்துக்கு ஓர் அங்குலம் வீதம் சேர்த்து 70 என்று பட்டறையில் சொன்னோம். மூடி வந்தது, ஒரு பக்கம் சுவரில் உட்கார்ந்தால் மறுபக்கம் கிணற்றுக்குள் தொங்குகிறது. பட்டறைக்காரர் மேல் தப்பே இல்லை, நாங்கள் அளந்தது விட்டத்தையே இல்லை, பக்கத்தில் போகும் ஒரு நாணை.

சரி, கிணற்றுக்கு நடு எது என்று யார் போய்ப் புள்ளி வைப்பது? தண்ணீருக்கு மேல் வெறும் காற்று. அப்போதுதான் பாடத்தில் இன்னொரு வரி இருந்தது நினைவுக்கு வந்தது: ஒரு வட்டத்தில் போடக்கூடிய நாண்களிலேயே நீளமானது விட்டம். அப்படியென்றால் மையம் தெரியவே வேண்டாம். டேப்பின் ஒரு முனையை விளிம்பில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எதிர் விளிம்போரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனோம். 66, 68, 70 என்று ஏறி, 72-க்கு வந்து, அதற்குமேல் ஏறாமல் திரும்ப இறங்க ஆரம்பித்தது. அந்த 72 அங்குலம்தான், அதாவது 6 அடிதான் விட்டம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், உச்சிக்குப் பக்கத்தில் அளவு மிக மெதுவாக மாறுகிறது. இந்த அளவுக் கிணற்றில் டேப் மையத்தை விட்டு 3 அங்குலம் விலகினால் குறைவது கால் அங்குலம்தான். 6 அங்குலம் விலகினால் ஓர் அங்குலம். ஓர் அடி விலகினால் 4 அங்குலத்துக்குமேல் போய்விடுகிறது, எங்கள் மூடிக்கு ஆனது அதுதான்.

மனசு கேட்காமல் வேறு வழியிலும் சரிபார்த்தேன். கிணற்றுச் சுவரை வெளியே கயிற்றால் சுற்றி அளந்தால் 283 அங்குலம். அதை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 90. சுவரின் கனம் 9 அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து 18 கழித்தால் அதே 72. பழைய தமிழ்க் கணக்கு முறையில் இதையே, விட்டத்தை ஏழு கூறாக்கி அதில் நான்கு கூறை விட்டத்தோடு சேர்த்து இரட்டித்தால் சுற்றளவு என்பார்கள். போட்டுப் பாருங்கள், 22/7 வந்து நிற்கும். முகப்புத் தூணைக்கூட அறுத்துப் பார்க்காமல் இப்படித்தான் அளந்தேன். நூல் 33 அங்குலம், ஆக விட்டம் பத்தரை.

அப்புறம் அண்ணன் மகள் வந்து, "அயித்தை, தாம்பாளத்துக்கு அளக்காமலே விட்டம் கண்டுபிடிக்க முடியுமா?" என்றாள். முடியும், அதற்குக் கருவி எங்கள் காலடியிலேயே இருக்கிறது, தரையில் பதித்த சதுர ஆத்தங்குடிக் கல். நான்கு கற்கள் சந்திக்கும் மூலையில் தாம்பாளத்தின் விளிம்பு சரியாகத் தொடும்படி அதைக் கவிழ்த்து வைத்தோம். அந்த மூலையிலிருந்து செங்குத்தாகப் பிரியும் இரண்டு இணைப்புக் கோடுகளும் தாம்பாளத்துக்கு அடியில் போய், எதிர்ப்பக்கம் இரண்டு இடங்களில் வெளியே வருகின்றன. அந்த இரண்டு இடங்களையும் இணைத்தால் அதுதான் விட்டம். ஒரு விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் விளிம்பின் எந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தாலும் அங்கே 90 பாகை வரும், நாங்கள் செய்தது அதைத் திருப்பிப் போட்டது.

நூலை இழுத்துப் பிடித்து, சாக்பீஸால் தாம்பாளத்தின் முதுகில் ஒரு கோடு போட்டாள். தாம்பாளத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் சாக்பீஸ் தூளை விரலால் தள்ளிப் பார்த்தால், பித்தளையில் கடைசல்காரர் விட்டுப்போன குழிப்புள்ளி, கடுகு அளவில், அங்கேயே இருந்தது.