டர்பனில் மெடிக்கல் எய்டும் அரசு ஆஸ்பத்திரியும்

டர்பனுக்கு வேலைக்கு வரும் தமிழர் காதில் முதல் மாதமே விழும் வார்த்தை ‘மெடிக்கல் எய்ட்’. நம்மூர் மருத்துவக் காப்பீடு போன்றதுதான். ஆனால் இங்கே உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவோம் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. தென்னாப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேரிடம்தான் அது இருக்கிறது. மற்றவர்கள் நம்பியிருப்பது அரசு மருத்துவமனைகளை. நாடு மருத்துவத்துக்குச் செலவிடும் பணத்தில் ஏறக்குறைய பாதி தனியார் பக்கம் போகிறது.

நடுவயதில் குடியேறுகிறவர்களுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 35 வயதுக்குப் பிறகு முதல்முறை சேர்ந்தால், ‘லேட் ஜாயினர்’ என்று சந்தாவைக் கூட்டலாம். 45 வயதுக்காரருக்கு 25 சதவீதம் வரை கூடும். ஊரில் எத்தனை வருடம் பிரீமியம் கட்டியிருந்தாலும் கணக்கில் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கவும் சொல்லலாம். சரி, எல்லாம் கட்டிச் சேர்ந்தாயிற்று என்றால், ஸ்பெஷலிஸ்ட் போடும் பில் மெடிக்கல் எய்ட் ஸ்கீம் தரும் தொகையைப் போல இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். அந்த இடைவெளியை அடைக்க ‘கேப் கவர்’ என்று இன்னொரு பாலிசி. காப்பீட்டுக்கே ஒரு காப்பீடு! நோயாளி என்பதற்காக, எவரும் சேரக்கூடிய ‘ஓப்பன்’ ஸ்கீம்கள் யாரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 1998ஆம் ஆண்டுச் சட்டம். அது நல்ல சட்டம். ஆனால் மாதச் சந்தா கட்ட முடியாதவரை அது எப்படிக் காப்பாற்றும்?

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி வந்தவர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர். அங்கே 1969இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனையைப் பற்றிப் பேசினால் அவர் முகம் மலர்ந்துவிடும். காந்தியோடு வேலை செய்த ஒரு வழக்கறிஞரின் பெயர் அது; அவர் ஏழைகளுக்கென விட்டுச்சென்ற சொத்தில் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து வளர்ந்தது. ஆயாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரைக்கு இப்போது வரிசையில் நிற்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்து தனியார் மருந்துக்கடையிலேயே கொடுக்கிறார்கள், செலவு அரசுடையது. கண்புரை அறுவைக்குத்தான் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். இதே அறுவை மெடிக்கல் எய்ட் உள்ள என் சக ஊழியரின் அம்மாவுக்குச் சில நாளில் முடிந்தது. எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே கண்.

மருத்துவத்தை அரசுதான் தர வேண்டும் என்பவன் நான். என் அப்பாவுக்கு மதுரை பெரியாஸ்பத்திரியில்தான் இருதய சிகிச்சை நடந்தது. அதைத் தனியாரில் செய்திருந்தால் வீட்டை விற்றிருப்போம். ஆனால் தமிழ்நாட்டிலும் சரி, இங்கேயும் சரி, கையில் காசு வந்தவுடன் அரசு வரிசையை விட்டு விலகிவிடுகிறோம். வக்கீல், வாத்தியார், அதிகாரி என்று தட்டிக் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேறு வாசலுக்குப் போய்விட்டால், மருந்து தீர்ந்துபோனதைக் கேட்க யார் இருப்பார்கள்?

2024 மே 15 அன்று ஜனாதிபதி சிரில் ராமபோசா தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரே பொது நிதி, அதிலிருந்து அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் சேவை வாங்குவது என்பது திட்டம். முழுதாக நடைமுறைக்கு வந்தபின், அந்த நிதி தரும் சிகிச்சைக்கு மெடிக்கல் எய்ட் பணம் தர முடியாது. எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. கோயிலில் காவடி ஏற்பாட்டுக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதும் இதே பேச்சுதான். “மின்சாரத்தையே ஒழுங்காகத் தர முடியாதவர்களிடம் இவ்வளவு பணத்தைக் கொடுப்பதா?” என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான பயம். ஊழலைத் தடுக்க வழி செய்யாமல் நிதியை மட்டும் பெருக்கினால் திட்டம் நாசமாகும் என்று நானும் சொன்னேன். ஆனால் இப்போதிருக்கும் ஏற்பாட்டைப் பாதுகாக்க அந்தப் பயம் ஒரு காரணமாகாது. 1994இல் மண்டேலா அரசு கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சையை இலவசமாக்கியபோதும் கஜானா நிரம்பி வழியவில்லை.

மகளுக்குத் தடுப்பூசியை முனிசிபல் கிளினிக்கில்தான் போடுகிறோம். மெடிக்கல் எய்ட் இருக்கும்போது ஏன் அங்கே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நர்ஸ் அக்காக்கள் நன்றாகப் பார்க்கிறார்கள், அட்டையில் ஒழுங்காகக் குறித்துத் தருகிறார்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்கிறேன், எழுதியும் கொடுக்கிறேன்.